படத்தில் விழாத மூச்சு

யோகத்தைப் பற்றிய புஸ்தகங்களை நான் நாவலாசிரியனின் கண்ணோடுதான் படிக்கிறேன். எனக்கு வேறு கண் இல்லை. ஒரு கதையில் யார் பேசுகிறார்கள், யாரைப் பேசவிடாமல் ஆசிரியர் பின்னால் நிறுத்திவிட்டார் என்று பார்த்துப் பழகிய புத்தி, சிரசாசனம் செய்வது எப்படி என்ற பக்கத்தைப் புரட்டும்போதும் சும்மா இருப்பதில்லை. அப்படிப் படித்ததில் ஒன்று புலப்பட்டது. இந்தப் புஸ்தகங்களில் பெரும்பாலானவற்றில் கதாநாயகன் மேடைக்கு வருவதே இல்லை. கை வருகிறது, கால் வருகிறது, முதுகெலும்பு வில்லாக வளைந்து வருகிறது. மூச்சு மட்டும் திரைக்குப் பின்னால் நின்றுவிடுகிறது.

எங்கள் தெருவில் பென்ஷன் வாங்குகிற ஒருவர் இருக்கிறார். படம் போட்ட யோகப் புஸ்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு தினமும் காலையில் மொட்டை மாடியில் அப்பியாசம் செய்கிறார். உடம்பு நன்றாக வளைகிறது; அவர் வயதில் அது பெரிய காரியம். ஒரு நாள் கேட்டேன்: “ஆசனம் செய்யும்போது மூச்சு எப்படி ஸார் இருக்கிறது?”

“மூச்சா? அது பாட்டுக்கு நடக்கிறது ஸார். அதை ஏன் கவனிக்கவேண்டும்?” என்றார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருடைய புஸ்தகம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான்.

காரணம் எளியது. மூச்சு படத்தில் விழாது. உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உருவமில்லை. விலா எலும்பு கொஞ்சம் விரிந்திருக்கிறது, வயிறு கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது என்பதற்கு மேல் காமிராவினால் ஒன்றும் சொல்ல முடியாது. யோகம் புஸ்தகத்துக்குள் வந்த காலமும் புகைப்படம் அச்சில் சுலபமான காலமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. அதனால் படத்தில் விழுந்தது யோகமாயிற்று, விழாதது அடிக்குறிப்பாயிற்று.

1938-ல் மைசூரில் எடுத்த ஒரு சலனப்படம் இருக்கிறது. திருமலை கிருஷ்ணமாச்சாரியாரும் அவருடைய மாணவரும் மைத்துனருமான பி. கே. எஸ். ஐயங்காரும் அதில் ஆசனங்கள் செய்து காட்டுகிறார்கள். ஐயங்காருக்கு அப்போது ஏறக்குறைய இருபது வயது. ஒரு ஆசனத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் போகும் வேகத்தைப் பார்த்தால் கண் கூசும். அது ஊமைப் படம். மூச்சைப் பார்க்கத்தான் முடியாது, கேட்கவாவது கேட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. உலகம் முழுவதும் யோகம் என்றால் என்னவென்று நினைத்துக்கொண்டதோ, அதற்கு இந்தப் படத்தை ஒரு முன்னோட்டம் என்று சொல்லத் தோன்றுகிறது. தேகம் பேசுகிறது, மூச்சு ஊமை.

ஆனால் கிருஷ்ணமாச்சாரியார் மூச்சை மறந்தவரல்ல. மைசூர் அரண்மனை ஆதரவில், 1934-ல், கன்னடத்தில் அவர் எழுதிய ‘யோக மகரந்தம்’ என்ற நூலிலும் படங்கள் உண்டு. அதோடு, எந்த நிலையில் மூச்சை நிரப்பவேண்டும், எந்த நிலையில் வெளியேற்றவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்ற கட்டளையும் ஆசனத்துக்கு ஆசனம் உண்டு. பூரகம், ரேசகம், கும்பகம் என்ற சொற்கள் அந்த நூலில் உப்பைப் போல எங்கும் கலந்திருக்கின்றன. குருவின் நூலில் உப்பாக இருந்தது, பின்னால் வந்த நூல்களில் இலையின் ஓரத்துக்குப் போய்விட்டது என்பதுதான் என்னுடைய புகார்.

அப்படிப் பின்னால் வந்தவற்றில் முதலாவதாகச் சொல்லவேண்டியது 1966-ல் ஐயங்கார் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘லைட் ஆன் யோகா’. வயலின் மேதை யெஹூதி மெனுஹின் முன்னுரை எழுதினார். 600-க்கும் அதிகமான படங்கள். அந்தத் துறையில் இவ்வளவு சுத்தமான வேலையை அதற்கு முன் யாரும் செய்ததில்லை. குதிகால் எங்கே இருக்கவேண்டும், முழங்காலுக்குப் பின்னால் தசை எப்படி நிற்கவேண்டும் என்று ஒரு சிற்பியைப் போல அவர் சொல்லிக்கொண்டு போகிறார். இன்ன இடத்தில் மூச்சை விடு, இன்ன இடத்தில் இழு என்ற குறிப்பும் இருக்கிறது. கடைசியில் பிராணாயாமத்துக்குத் தனிப் பகுதியும் இருக்கிறது. எதுவும் விட்டுப்போகவில்லை; ஆனால் எடை ஒரே பக்கம் சாய்ந்துவிட்டது. ஆசனத்தில் நின்ற பிறகு என்ன செய்யவேண்டும் என்று கேட்டால், சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிரு என்பதுதான் பல பக்கங்களில் வாசகனுக்குக் கிடைக்கிற பதில். சாதாரணம் என்றால் என்ன? உடம்பைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கிறவனுக்குச் சாதாரண மூச்சு எது? குதிகாலுக்குக் கொடுத்த ஒரு பத்தியை இந்தக் கேள்விக்கும் கொடுத்திருக்கலாம்.

ஐயங்காருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு படித்தால் இந்தச் சாய்வுக்கு ஒரு சோகமான நியாயம் கிடைக்கிறது. அவர் பிறந்த 1918-ம் வருஷம் விஷ ஜுரம் பரவிய வருஷம். நோஞ்சானாகப் பிறந்தார், மலேரியா, டைபாய்டு, க்ஷயம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து மார்பை ஒடுக்கிவிட்டன. பிராணாயாமத்துக்கு நீ லாயக்கில்லை என்று குரு மறுத்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஆகவே தானாகவே தட்டுத் தடுமாறி, பல வருஷங்கள் போராடிக் கற்றுக்கொண்டார். அந்தப் போராட்டத்தின் பலன் 1981-ல் வந்த ‘லைட் ஆன் பிராணாயாமா’. அதில் அவர் மாணவனை முதலில் படுக்கவைக்கிறார். படுத்தபடி, எந்த அவசரமும் இல்லாமல், மூச்சு மார்பில் எங்கே தொடுகிறது என்று உணரச் சொல்கிறார். இரண்டு நூல்களில் இரண்டாவதுதான் எனக்குப் பெரிய நூல். முதலாவது விற்ற அளவில் அது விற்கவில்லை என்று சொன்னால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். படுத்துக்கொண்டிருப்பவனின் படத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

மூச்சுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று வாசகர் கேட்கலாம். இருதயம் தானாக அடிக்கிறது; நாம் சொன்னால் கேட்காது. கை நாம் சொன்னால் அசைகிறது, தானாக அசையாது. இரண்டு கட்சியிலும் கால் வைத்திருப்பது மூச்சு ஒன்றுதான். தூங்கும்போது தானாக நடக்கிறது. விழித்திருக்கும்போது நாம் விரும்பினால் நீட்டலாம், குறுக்கலாம், கொஞ்ச நேரம் நிறுத்தலாம். உடம்பின் இருட்டறைக்கும் மனசின் கூடத்துக்கும் நடுவில் உள்ள ஒரே கதவு அது. ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று நம் பெரியவர்கள் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். நிமிஷத்துக்கு 15 என்று ஆகிறது. ஓய்வாக இருக்கிற பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை என்று வைத்திய சாஸ்திரம் சொல்லும் எல்லைக்குள் அது அழகாக வந்து உட்காருகிறது. எண்ணிப் பார்த்துத்தான் சொல்லியிருக்கவேண்டும்.

பதஞ்சலியைப் பாருங்கள். ஆசனத்துக்கு அவர் ஒதுக்கியது மூன்று சூத்திரம். பிராணாயாமத்துக்கு ஐந்து. ஆசனம் அசையாமலும் சுகமாகவும் இருந்தால் போதும் என்று முடித்துக்கொள்கிறார். எந்த ஆசனம் என்று பெயர்கூடச் சொல்லவில்லை. மூச்சுக்கு வந்ததும் நிதானமாகி விடுகிறார். போக்கைத் துண்டிப்பது என்று முதலில் ஒரு கடுமையான சொல்லைப் போடுகிறார். அந்தச் சொல்லைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த சூத்திரத்திலேயே இடம், காலம், எண்ணிக்கை என்ற மூன்றினாலும் நன்றாகப் பார்க்கப்பட்டது என்று பொருள்படும் ‘பரித்ருஷ்டம்’ என்ற சொல் வருகிறது. அப்படிப் பார்க்கப்பட்ட மூச்சு நீண்டதாகவும் நுண்ணியதாகவும் ஆகிறதாம். நீட்டு என்று அவர் கட்டளையிடவில்லை; பார்த்தால் நீளுகிறது என்றே நான் அந்தச் சூத்திரத்தைப் படிக்கிறேன். பண்டிதர்கள் வேறு விதமாகச் சொல்லலாம். ஒரு வாக்கியத்தில் எந்த வினை எதைச் சுமக்கிறது என்று பார்ப்பது என் தொழிலானதால் எனக்கு இப்படித்தான் படுகிறது.

விவேகானந்தர் 1896-ல் வெளியிட்ட ‘ராஜ யோகம்’ என்ற நூலில் ஒரு கதை சொல்கிறார். ராஜாவின் கோபத்துக்கு ஆளான மந்திரியை ஒரு உயரமான கோபுரத்தின் உச்சியில் அடைத்துவிடுகிறார்கள். இரவில் மனைவி வந்து கீழே நின்று கூப்பிடுகிறாள். நீளமான வடக்கயிறு, கெட்டிக் கயிறு, சணல் நூல், பட்டு நூல், ஒரு வண்டு, கொஞ்சம் தேன் கொண்டு வா என்கிறார் மந்திரி. பட்டு நூலை வண்டின்மேல் கட்டி, அதன் கொம்பில் தேனைத் தடவிச் சுவரில் விட்டதும், தேன் வாசனை முன்னால் இழுக்க, வண்டு மேலே மேலே ஏறுகிறது. பட்டு நூல் மந்திரியின் கைக்குக் கிடைக்கிறது. அதில் கட்டிச் சணல் நூல், அதில் கெட்டிக் கயிறு, அதில் வடம், மந்திரி தப்பிவிடுகிறார். மூச்சுத்தான் அந்தப் பட்டு நூல் என்கிறார் சுவாமி. இதைவிடச் சிறந்த உவமையைப் பிராணாயாமத்துக்கு இந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை. கதை சொல்கிறவனாக எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஆனால் ஒன்று: கதையைப் படித்த எல்லோருக்கும் வடக்கயிற்றின் மேல்தான் கண். பட்டு நூலைக் கையில் வைத்துக்கொண்டு, அறுந்துவிடாமல் இழுக்கவேண்டுமே என்று மந்திரி இருட்டில் எப்படித் தவித்திருப்பார் என்று யாரும் நினைப்பதில்லை.

நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. எனக்குச் சிறு வயது முதல் இழுப்பு. மூச்சு என்பது எனக்கு உவமையல்ல. இராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். காற்று உள்ளே வராததல்ல அங்கே பெரிய கஷ்டம். உள்ளே வந்தது வெளியே போக மறுக்கிறது. சுருங்கிப்போன குழாய்களுக்குப் பின்னால் பழைய காற்று தேங்கி நிற்கிறது; புதியதற்கு இடமில்லை. டாக்டரின் மருந்தும் இன்ஹேலரும் அந்தக் குழாயைத் திறந்து விடுகின்றன. அதை எந்தப் புஸ்தகமும் செய்யாது. ஆனால் மூச்சைப் பற்றி எழுதுகிறவர் உண்மையில் மூச்சைப் பார்த்திருக்கிறாரா, பார்த்தவர் எழுதியதைப் பார்த்து எழுதுகிறாரா என்று எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு பக்கத்தில் தெரிந்துவிடும். எடுத்த எடுப்பிலேயே மூச்சை அடக்கு என்று கட்டளையிடுகிற புஸ்தகத்தை நான் மூடிவைத்துவிடுகிறேன்.

அடக்குவதைப் பற்றிப் பழைய நூல்களே போதுமான அளவு பயமுறுத்தியிருக்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘ஹட யோக பிரதீபிகை’யில் சுவாத்மாராமர், சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிராணனைப் பழக்கவேண்டும், இல்லாவிட்டால் பழக்குகிறவனையே கொன்றுவிடும் என்று சொல்கிறார். அப்படியும் மூச்சை அடக்கிச் செய்யும் வித்தைக்குத்தான் எப்போதும் கூட்டம். 1935-ல் தெரேஸ் புரோஸ் என்ற பிரெஞ்சு டாக்டர் இருதயத்தின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் கருவியோடு இந்தியாவுக்கு வந்து யோகிகளைச் சோதித்தார். இருதயத்தை நிறுத்திக்காட்டுகிறார்கள் என்ற பேச்சு உலகமெங்கும் பரவிற்று. வெங்கர், பாக்சி, ஆனந்த் என்ற மூவர் 1961-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் ரகசியம் வெளிப்பட்டது. மூச்சைப் பிடித்து மார்பையும் வயிற்றையும் இறுக்கினால் இருதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. நாடி கைக்குத் தட்டுப்படாமல் போகிறது. துடிப்பின் சத்தமும் மங்கிவிடுகிறது. இருதயம் என்னவோ அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, அபாரமான பயிற்சிதான். இருந்தாலும் பார்க்கிறவனுக்காகச் செய்யும் காரியம் அது. இன்னொரு வகைப் படம்.

பார்க்கிறவன் யாரும் இல்லாத இடத்தில் மூச்சைப் பற்றி எழுதியவர் ஒருவர் இருக்கிறார். அவர் யோக நூலாசிரியர் என்று பெயர் வாங்கியவர் அல்ல, பௌத்த பிக்ஷு. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் உட்கார்ந்து பாலி மொழியில் ‘விசுத்தி மக்கம்’ எழுதிய புத்தகோஷர். காஞ்சிபுரத்தில் தாம் தங்கியிருந்ததைப் பற்றி ஒரு உரையின் முடிவில் சொல்லியிருப்பதால் நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. அந்த நூலில் எட்டாவது அத்தியாயத்தில் மூச்சைக் கவனிக்கும் பகுதி வருகிறது. மதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, வசனம் என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தாலும், இந்த விஷயத்தில் அதற்கு ஈடான எழுத்தை நான் படித்ததில்லை.

முதலில் மூச்சை எண்ணச் சொல்கிறார். ஐந்துக்குக் குறையக்கூடாது, பத்துக்கு மேலே போகக்கூடாது. ஐந்துக்குக் குறைந்தால் நெருக்கமான பட்டியில் அடைத்த மாடுகளைப்போல மனசு முட்டி மோதும். பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணையே பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் தானியம் அளப்பவனைப் போல நிதானமாக எண்ணவேண்டும். பழகியபின் பட்டியிலிருந்து வெளியே வரும் மாடுகளை இடையன் எண்ணுவதுபோல விறுவிறுவென்று எண்ணவேண்டும். களத்தில் ‘லாபம், இரண்டு’ என்று இழுத்து மரக்கால் போடுகிற குரலைக் கேட்டவர்களுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டாம். பிறகு, மூச்சு எங்கே தொடுகிறதோ அங்கே காவல் நில் என்கிறார். நீண்ட மூக்குள்ளவனுக்கு மூக்கின் நுனியில் தொடும், குட்டை மூக்கனுக்கு மேலுதட்டில் தொடும் என்று வேறு சொல்கிறார். எத்தனை சீடர்களின் மூக்கைப் பார்த்திருக்கவேண்டும் இந்த மனிதர்! ஊர்க் கதவில் நிற்கும் காவற்காரன், ஊருக்குள் இருப்பவர்களையும் ஊருக்கு வெளியே இருப்பவர்களையும் தேடிக்கொண்டு போவதில்லை. வாசலுக்கு வருகிறவனைத்தான் விசாரிக்கிறான். உள்ளே போன காற்றின் பின்னாலும் வெளியே வந்த காற்றின் பின்னாலும் ஓடாதே என்பதற்கு இந்த உவமை.

இதற்குமேல் வருவதுதான் நாவலாசிரியன் தலை வணங்கவேண்டிய இடம். கவனிக்கக் கவனிக்க மூச்சு மெலிந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் காணாமலே போய்விடுகிறது. அப்பியாசி பயந்துவிடுவான், எழுந்து போய் யாரையாவது கேட்கலாமா என்று நினைப்பான் என்று புத்தகோஷருக்குத் தெரிந்திருக்கிறது. எழுந்திருக்காதே என்கிறார். மூச்சில்லாதவர்கள் யார் யார் என்று யோசித்துப் பார். தாயின் வயிற்றில் இருக்கும் சிசு, தண்ணீரில் மூழ்கியவன், பிரக்ஞை அற்றவன், செத்தவன். அப்புறம் சமாதியின் மேல்படிகளில் இருக்கும் சிலர். நீ இவர்களில் ஒருவனும் இல்லையே. ஆகவே மூச்சு இருக்கத்தான் இருக்கிறது, உனக்குப் பார்க்கப் போதவில்லை. சரி, எங்கே போய்த் தேடுவது? உழவன் மாட்டை அவிழ்த்துவிட்டு மரத்தடியில் கண்ணயர்ந்துவிடுகிறான். மாடு காட்டுக்குள் போய்விட்டது. கெட்டிக்காரனாக இருந்தால் காடு முழுவதும் அலையமாட்டான். கயிற்றையும் தாற்றுக்கோலையும் எடுத்துக்கொண்டு, மாடு தண்ணீர் குடிக்க வருகிற துறைக்குப் போய் உட்கார்ந்துவிடுவான். வந்தே தீரும். அதுபோல, வழக்கமாகத் தொடும் இடத்தில் மனசை வைத்துக்கொண்டு இரு.

சுமார் 1,500 வருஷங்களுக்கு முன் எழுதிய இந்தப் பகுதியில் ஒரு படம் கிடையாது, தேவையும் படவில்லை. நம் காலத்து ஆசிரியர்கள் 600 படத்தில் செய்ய முடியாததை ஒரு மாடும் ஒரு துறையும் செய்துவிடுகின்றன.

இது தியானமல்லவா, யோகாப்பியாசத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உட்கார்ந்திருக்கும்போது மட்டும் மூச்சைப் பார்த்துவிட்டு, கையைக் காலைத் தூக்கும்போது அதை விட்டுவிட்டால் பிரயோஜனம் குறைவுதான். அங்கேதான் கிருஷ்ணமாச்சாரியாரின் குமாரர் டி. கே. வி. தேசிகாசாரின் நூல் துணைக்கு வருகிறது. மைசூரை விட்டு ஐம்பதுகளில் சென்னைக்கு வந்த தகப்பனார், இளைஞர்களைப் பம்பரமாகச் சுற்றவைத்த பழைய முறையை விட்டு, வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். இஞ்சினீயருக்குப் படித்த மகன் தகப்பனாரிடமே மாணவரானார். 1976-ல் தகப்பனார் பெயரில் சென்னையில் யோக மந்திரம் நிறுவினார். அவருடைய ‘தி ஹார்ட் ஆஃப் யோகா’ 1995-ல் வெளிவந்தது.

வகுப்பில் பேசுகிறவரின் நடை அது. அலங்காரம் கிடையாது, சில பக்கங்கள் வறட்சியாகக்கூட இருக்கின்றன. ஆனால் எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்ற விஷயத்தில் பிசகே இல்லை. கையைத் தூக்கும்போது மூச்சு நிரம்பவேண்டும், குனியும்போது வெளியேறவேண்டும். இது எல்லோரும் சொல்வது. அசைவுக்கு மூச்சு ஒத்து ஊதினால் போதாது, மூச்சே அசைவைத் தொடங்கிவைக்கவேண்டும் என்று ஒரு படி மேலே போகிறார் தேசிகாசார். மூச்சு கரடுமுரடானால் ஆசனம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உன் சக்திக்கு மீறியது என்று அர்த்தம். இதைப் படித்தபோது எனக்குப் பென்ஷன்காரர் ஞாபகம் வந்தது. கண்ணாடியோ, காமிராவோ, பக்கத்துப் பாயில் இருக்கிறவரோ வேண்டாம். தனக்குத் தானே பரீட்சை வைத்துக்கொள்ள ஒரு கருவியை அவர் கையில் இந்த நூல் கொடுத்துவிடுகிறது. ஐயங்காரின் படத்தைப் பார்த்து, நம் முழங்கால் அப்படி நிற்கவில்லையே என்று ஏங்குகிற வாசகனுக்கு, உன் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கிற ஆசிரியர் கிடைப்பது பெரிய விடுதலை. 2015 முதல் வருஷந்தோறும் ஜூன் 21-ம் தேதி ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் ஒலிபெருக்கிக்கு இசைந்து குனிந்து நிமிருவதைப் பத்திரிகைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம், அத்தனை பேருக்கும் ஒரே நீளத்தில் மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் வருவதுண்டு.

ஆங்கிலத்தில் இதெல்லாம் இருக்கிறது, தமிழில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். தமிழில் வருகிற யோகப் புஸ்தகங்களைப் படிக்கும்போது எனக்கு ஒரு சொல் நெருடுகிறது. ‘மூச்சை இழுக்கவும்.’ பக்கத்துக்குப் பத்துத் தடவை இந்தக் கட்டளை வருகிறது. கிணற்றில் தண்ணீர் இழுப்பதுபோல, தேர் இழுப்பதுபோல மூச்சையும் இழு என்றால், படிக்கிறவன் தோளைத் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க, சத்தம் போட்டு இழுக்கிறான். போதாக்குறைக்கு, எங்கள் நோய்க்குத் தமிழில் இழுப்பு என்றே பெயர். ‘மூச்சு வாங்குதல்’ என்று மாற்றிப் பார்த்தால் அதுவும் சரிப்படவில்லை. மாடி ஏறி வந்தவனுக்குத்தான் மூச்சு வாங்கும். யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. உள்ளே போகும் மூச்சுக்கு நம் பேச்சு வழக்கில் அமைதியான வினைச்சொல்லே அகப்படவில்லை. வெளியே போகும் மூச்சுக்கு மட்டும் ‘விடுதல்’ என்ற இதமான சொல் இருக்கிறது. சுவாசம் முழுவதற்கும் நாம் ‘மூச்சு விடுதல்’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். தேங்கிப்போன காற்றோடு போராடின என்னைப் போன்றவன் எவனோதான் இந்தப் பெயரை வைத்திருக்கவேண்டும். அந்த அளவில் தமிழ் புத்திசாலி மொழிதான். ஆனால் பாதி மூச்சுக்குச் சொல்லில்லாமல் யோகப் புஸ்தகம் எழுதுவது எப்படி?

திருமூலரிடம் போனால் விடை கிடைக்கிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமம் என்ற பகுதி இருக்கிறது. அங்கே மூச்சு ஒரு குதிரை. மெய்யர்களுக்குப் பிடி கொடுக்கும். பொய்யர்களைத் துள்ளிக் கீழே தள்ளிவிடும். பறவையைவிட வேகமான அந்தக் குதிரையில் ஏறினால் கள் குடிக்காமலே களிப்பு வருமாம். ஆனால் இந்தப் பகுதியில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது கணக்குச் சொல்லும் பாட்டைத்தான். இடது நாசியில் 16 மாத்திரை உள்ளே, 64 மாத்திரை நிறுத்தம், 32 மாத்திரை வெளியே. எழுத்துக்கு ஒன்று, இரண்டு என்று நம் இலக்கணத்தார் அளந்து கொடுத்த மாத்திரையிலிருந்து 64-க்குத் தாவுவது சாமானியமான தாவல் அல்ல. எத்தனையோ புஸ்தகங்கள் இந்த மூன்று எண்களையும் அட்டவணை போட்டு, குரு இல்லாத வாசகன் கையில் கொடுத்திருக்கின்றன. எங்களைப் போன்ற நெஞ்சுள்ளவன் 64 வரைக்கும் போகத் துணிந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

எண்களை எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் பாட்டில் எண்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெயர்களை விட்டுவிட்டார்கள். உள்ளே வருவதற்குத் திருமூலர் இழுத்தல் என்று சொல்லவில்லை, ‘ஏறுதல்’ என்கிறார். குளத்தில் தண்ணீர் ஏறுவதுபோல அது பாட்டுக்கு ஏறும். வெளியே போவதற்கு அவர் வைத்த பெயர் ‘ஊறுதல்’. மணற்கேணியில் நீர் ஊறுகிற வேகத்தை நினைத்துக்கொண்டால் போதும். எவ்வளவு நேரம் விடவேண்டும் என்று கடிகாரம் பார்க்கவேண்டாம். நடுவில் நிறுத்தத்துக்கு, புஸ்தகங்கள் எல்லாம் அடக்கு, பிடி, கட்டு என்று போலீஸ்காரன் பாஷையில் பேசுகிற அந்த இடத்துக்கு, அவர் சொன்ன பெயர் ‘ஆறுதல்’. சூடான பால் ஆறுகிறதே, அந்த ஆறுதல். துக்கம் கேட்க வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாரே, அந்த ஆறுதலும்தான்.

பூரகம் என்ற வடசொல்லும் தமிழுக்கு வந்து வீணாகவில்லை. நிரம்புவதுதான் அதன் பொருள். பிள்ளை பரீட்சையில் தேறியதைக் கேட்ட தாயின் முகத்தைப் பற்றி எழுதும்போது ‘பூரித்துப் போனாள்’ என்று நாங்கள் கதைகளில் எழுதுகிறோமே, அது இதே சொல்தான். அடுத்த தடவை தமிழில் யோகப் புஸ்தகம் எழுத உட்காருகிறவர் ‘இழுக்கவும்’ என்று எழுதுமுன் இந்த நாலு சொற்களையும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். படங்களை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.